நோலீன் அக்காவுக்கு, நான் சுரண்டிவிட்ட பறவையைப் பற்றி

கார்டர்டன்,
19 மார்ச் 2009

பிரியமும் மரியாதையும் உள்ள நோலீன் அக்காவுக்கு,

தம்பி மெர்வின் எழுதுவது. எனக்கு உடம்பு சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே வரும். உன் மூட்டுவலியும் உன் பூனையும் டிமாருவின் கடல்காற்றும் உன்னை ரொம்பப் படுத்தாமல் இருக்கும் என்று நம்புகிறேன். மூன்று வாரத்தில் பதினேழு தடவை போன் செய்தேன். பதினாறு தடவை மணி மட்டும் அடித்தது. ஒரு தடவை நீயே எடுத்து, "ராங் நம்பர்" என்று அச்சு அசல் உன் குரலிலேயே சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நீ படிக்காமல் கிழித்தாலும் தபால்காரர் வந்து என்னிடம் சொல்லப்போவதில்லை என்பது ஒரு ஆறுதல்.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எந்த இடத்தில் புத்தி கெட்டேன் என்று எனக்கே விளங்கும்.

நானும் ரஸலும் லோயிஸ் டீச்சரும் சேர்ந்து அந்த ஹார்வர்டு விமானத்தை வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. போர்க்காலத்தில் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானம். நாங்கள் வாங்கும்போது மேலெல்லாம் யாரோ அடித்த மஞ்சள் பெயின்ட். முதல் தடவை கழுவும்போது பின்சீட்டுக்குக் கீழே, வெளிப்புறம் இடது பக்கம், ஒரு கையகலம் மஞ்சள் உரிந்து, அடியில் விமானப்படைக் காலத்து வெள்ளி நிறமும், அதன்மேல் தூரிகையால் கறுப்பில் தீட்டிய ஒரு சின்னப் பறவையும் தெரிந்ததே, அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்தேன். மறைந்த நம் கெல்வின் அத்தான் விமானப்படையில் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு ஹார்வர்டின் மேல் பறவை வரைந்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய கதையை நம் குடும்பத்தில் கேட்காதவர் யார்? நீ உன் தீவிலிருந்து கப்பலேறி வந்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "குட் மார்னிங், கெல்வின்" என்றாய். அப்புறம் வருஷா வருஷம் வந்தாய். நாங்கள் அந்தக் கையகலத்தை மட்டும் வார்னிஷ் பூசிப் பத்திரப்படுத்தினோம். "இந்த விமானத்துல இந்த ஒரு இடம்தான் நிஜம், மத்ததெல்லாம் நாம போட்ட மேக்கப்பு" என்று லோயிஸ் டீச்சர் சொல்வாள்.

இந்த வருஷ விமானக் கண்காட்சிக்கு இரண்டு மாசம் முன்னால் ரஸல் வந்தான். அவன் ஆடு ஏலம் விடுகிறவன் இல்லையா, வீட்டு வாசலில் நின்று சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துப் பண்ணை நாய் எழுந்து நிற்கும். "மெர்வ்! ஷோவுக்கு நாலு போர் விமானம் வருதுடா. நாலும் நம்ம பக்கம். துரத்துறதுக்கு எதிரி ஒருத்தன்கூட இல்ல. நம்ம ஹார்வர்டுக்குப் பச்சை அடிச்சு, சிவப்பு வட்டம் போட்டா தூரத்துல பாக்க ஜப்பான்காரனோட ஜீரோ போர் விமானம் மாதிரியே இருக்கும். பெட்ரோல் அவங்க செலவு. கூட்டத்துக்கு முன்னாடி நம்மள சுட்டுத் தள்ளுவாங்க!"

அக்கா, அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். லோயிஸ் டீச்சர் சொன்னாள். "நமக்குப் பாடம் சொல்லிக்குடுத்த விமானம் அது. அதுக்கு எதிரி வேஷம் கட்டுறது பாவம்" என்றாள். ஆனால் நாற்பது வருஷம் மாட்டு டாக்டராக, மாட்டின் பின்பக்கத்தில் தோள்வரை கைவிட்டு வாழ்ந்தவன் நான். எனக்கு எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகப் பத்தாயிரம் பேர் முன்னால் சுடப்பட்டுச் சாகும் வாய்ப்பு வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து புகை விடுகிற பிடியை இழுக்கும் வேலை எனக்கு என்று ரஸல் சொன்னதும் கையைத் தூக்கிவிட்டேன். ஓட்டு இரண்டுக்கு ஒன்று.

தண்ணீரில் கரைகிற பெயின்ட், ஷோ முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும், பறவைக்கு மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிடலாம், ஒரு கீறல் விழாது என்பது ஏற்பாடு. லோயிஸ் டீச்சரே காகிதம் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். டிப்பனே என்கிற பெயின்டர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தான். போனில் என்னிடம், "மழமழன்னு இருக்கிற இடத்துல இந்தப் பெயின்ட் பிடிக்காது, நான் வந்து லேசாத் தேய்ச்சுக்கறேன், நீங்க எதையும் தொடாதீங்க டாக்டர்" என்றான். அந்தக் கடைசி நாலு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை, அவனுக்கு வேலை மிச்சமாகட்டுமே என்று, உப்புத்தாள் மெஷினை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்திருந்தேன். பலமான வடமேற்குக் காற்று. தூசி கண்ணாடியில் படிகிறதென்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். காதில் மெஷின் இரைச்சல். வால் பக்கமிருந்து ஆரம்பித்து முன்னால் வந்தேன், எவ்வளவு சீராக வருகிறது பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு. ஒரு இடத்தில் அலுமினியத் தகடு பளபளவென்று தெரிந்ததும், ஆகா, சுத்தம் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால் காலில் ஏதோ ஒட்டியது. குனிந்து எடுத்தேன். டீச்சர் வெட்டின காகிதம், நாலு டேப்போடு.

அங்கேயே ஒரு பெயின்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. கீழே கிடந்த தூசியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அதில் கறுப்பு எது, மஞ்சள் எது என்று பிரிக்க முடியுமா?

அப்புறம் செய்ததுதான் எனக்கே இன்னும் ஆறவில்லை. யாருக்கும் தெரிவதற்குள் நானே ஒரு பறவை போட்டேன், ஞாபகத்திலிருந்து. காலையில் டிப்பனே வந்து வெகுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "டாக்டர், உருளைக்கிழங்குக்கு எதுக்குக் கால் போட்டிருக்கீங்க?" என்றான். நான் டீச்சரின் காகிதத்தை எடுத்து நீட்டியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பறவையைத் துடைத்துவிட்டு, வெறும் தகட்டின் மேலேயே பச்சையை அடித்தான்.

அன்று மத்தியானமே உன் போன். "நாளைக்கு வர்றேன் மெர்வ், கெல்வின் நல்லா இருக்காரா?" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வா வா அக்கா, முட்டையும் பேக்கனும் உள்ள வெச்சு அடுப்புல பை சுட்டு வைக்கறேன்."

நீ கொட்டகைக்குள் வந்து, விமானத்தின் இறக்கையை ஒட்டியே நின்றுகொண்டு, "நம்ம விமானம் எங்கடா?" என்று கேட்டாய். ரஸல் சிரித்தான். நான் காட்டினேன். நீ பச்சையையும் சிவப்பு வட்டத்தையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "அடியில பத்திரமா இருக்குக்கா. கழுவினா சரியாயிடும்" என்றேன். நீ நம்பினாய். பின்சீட்டுக்குக் கீழே தேடிப்பிடித்து உள்ளங்கையை வைத்து, "கெல்வின், இந்தப் பசங்க உங்கள என்ன கோலம் பண்ணி வெச்சிருக்காங்க பாருங்க. கவலப்படாதீங்க, சாயங்காலம் குளிக்க வெச்சுடுவாங்க" என்றாய். லோயிஸ் டீச்சர் என் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவளிடம் டிப்பனே சொல்லியிருக்கிறான்.

பறந்தோம். துரத்தினார்கள். நான் பிடியை இழுத்தேன். புகை வெளியே போகாமல் பாதி என் சீட்டுக்குள்ளேயே வந்தது. கீழே ஜனங்கள் கைதட்டினார்களாம். நான் இருமிக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடும்போதே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாசமாகப் பெய்யாத மழை. நான் எண்ணெயும் கரியுமாக, அடுப்பிலிருந்து எடுத்த கத்தரிக்காய் மாதிரி இறங்கி நிற்கிறேன். என் பக்கத்தில் விமானம் பச்சைப் பச்சையாக அழுதுகொண்டு நிற்கிறது. சிவப்பு வட்டம் கரைந்து புல்லில் ஓடுகிறது. நீ குடையோடு வந்தாய். அந்த இடத்தில் வெறும் அலுமினியத்தில் என் மெஷின் போட்ட வட்ட வட்டக் கீறல்கள்.

நீ கத்தியிருக்கலாம். குடையால் ஒன்று போட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். "கழுவினா சரியாயிடும்னு சொன்னியே மெர்வ். கழுவியாச்சு" என்றாய். அவ்வளவுதான். ரஸலைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் விடச் சொன்னாய். வழி முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லையாம், அவனும் பேசவில்லையாம். ரஸல் பேசாமல் இருந்தான் என்பதை வைத்தே வண்டிக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நான் தெரிந்துகொண்டேன். சுட்டு வைத்த முட்டைப் பை அப்படியே இருந்தது. நான் தொடவில்லை.

கைதவறிச் சுரண்டியதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். பொய் சொல்லி, அந்தப் பொய்யின்மேல் உன்னைக் கைவைக்கவிட்டேனே, அதற்கு எப்படிக் கேட்பதென்று தெரியாமல் ஐந்து பக்கம் எழுதிவிட்டேன். மூன்று பேரும் பேசி முடித்துவிட்டோம்: விமானத்துக்கு அத்தான் காலத்து வெள்ளி நிறமே அடிக்கப்போகிறோம். அந்தக் கையகலத்தில் மட்டும் எதுவும் பூசுவதில்லை. "பொய்ப் பறவை வேண்டாம். நாம கெடுத்த இடம் கெட்ட இடமாவே தெரியட்டும்" என்று டீச்சர் சொன்னாள். ரஸல்கூடத் தலையாட்டினான்.

உன் மூட்டுக்கும் மனசுக்கும் சீக்கிரம் சுகம் உண்டாகட்டும். பூனைக்கு என் விசாரிப்பு. அடுத்த தடவை "ராங் நம்பர்" என்றாவது இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்.

என்றும் உன் உதவாக்கரைத் தம்பி,
மெர்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். அத்தான் காலத்து நிறம் சரியாக என்ன என்று கேட்டு லோயிஸ் டீச்சர் பழைய விமானப்படைப் பதிவேடுகள் வைத்திருக்கும் இடத்துக்கு எழுதியிருந்தாள். இன்று பதில் வந்தது. எங்கள் விமானம் அத்தான் இருந்த ஊருக்கே ஒரு நாளும் போனதில்லை. முழுக்கத் தெற்கே வேறொரு படைப்பிரிவில் இருந்திருக்கிறது. அத்தான் ஓட்டினவற்றை ஐம்பதுகளிலேயே உடைத்து உருக்கிவிட்டார்களாம். பதினோரு வருஷமாக நீ குட் மார்னிங் சொன்னது வேறு யாரோ ஒருவருக்கு. "அப்ப மன்னிப்பே கேக்க வேண்டாம்டா, விட்டுது சனி!" என்று ரஸல் துள்ளினான். இந்தப் பின்குறிப்பைக் கத்தரித்துவிடலாமா என்று நானும் அரைமணி யோசித்தேன். உன்னிடம் மறைத்தது போதும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பறவையை யாரோ ஒரு பையன் திட்டு வாங்கத் துணிந்து வரைந்திருக்கிறான். அவனுக்கும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள். இந்தக் கடிதம் நியாயமாகப் போகவேண்டியது அவர்களுக்கு, விலாசம் தெரியவில்லை. அது தெரியும்வரை இதை நீயே வைத்துக்கொள், அக்கா.