அம்மா கடைசியாகச் சொன்னது

பலராமன் எழுந்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்தான். பால் காய்ச்சினான். பள்ளி டப்பாவில் குழம்புச் சோறு கட்டினான். ஏழு வயது மகள் செந்தமிழுக்கு இரட்டைச் சடை போட்டான். ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே தொங்கியது. மனைவி பாக்கியலட்சுமி போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தாள். இது 2005 பங்குனி.

"பாலு வேணாம்ப்பா."

"அம்மா கடைசியா என்னா சொல்லுச்சு தெரியுமா? பாப்பாவைத் தெனம் பாலு குடிக்கச் சொல்லுன்னுச்சு."

டம்ளர் காலியானது.

பாக்கியலட்சுமி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் பொய் வேலை செய்தது. அந்த வாரமே அம்மா கடைசியாக நகம் வெட்டச் சொன்னாள். டிவியை நிறுத்தச் சொன்னாள். வாய்ப்பாட்டில் மகள் தடுமாறியபோது, ஒன்பதெட்டு எழுபத்திரண்டு என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

பலராமன் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. மகளின் பள்ளிக்கு வழியும் அளத்து வரப்புதான். உப்பு சுமக்கும் அஞ்சம்மாள் ஒருநாள் அவனை மடக்கினாள்.

"மேஸ்திரி, ஒங்க பொண்ணு டெய்லி குவியல்லேர்ந்து உப்பு எடுத்துப் பேப்பர்ல மடிச்சிக்குது. நாங்க எடுத்தா மட்டும் கத்துறீங்க!"

கூட உப்பு சுமந்த பெண்கள் சிரித்தார்கள். அன்று மாலையே, உப்பைத் தொடக்கூடாது என்று அம்மா கடைசியாகச் சொன்னாள்.

"பாலு குடிக்கச் சொன்னதுதான் கடைசின்னியே?"

"இது அதுக்கப்புறம்."

"நகம் வெட்டச் சொன்னது?"

"அதுக்கும் அப்புறம்."

"மூச்சே விட முடியலன்னியேப்பா. அவ்ளோ பேசுச்சா?"

"நடுநடுவுல பேசுச்சு."

மறுநாள் வசந்தா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

"உயிர் போற நேரத்துலகூட வாய்ப்பாடு சொல்லிக் குடுத்திருக்காங்களே சார்! பாப்பா சொன்னதும் கிளாஸே அழுதுடுச்சு. வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல அவளைப் பேசச் சொல்லியிருக்கேன். பிரம்மதேசத்துல இருக்கற உங்க மாமியாருக்கும் போன் போட்டுட்டேன். அவங்களும் வர்றாங்களாம்."

பலராமன் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினான். பாக்கியலட்சுமிக்கு ஐந்தாம் வாய்ப்பாடே வராது. அவளைப் பெற்ற மாமியாருக்கு அது தெரியும். 'ஆம்பள தனியா பொட்டப்புள்ளைய வளக்க முடியாது' என்று ஏற்கெனவே பேத்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தப் புளுகு தெரிந்தால் கையோடு கூட்டிப் போய்விடுவாள்.

சைக்கிளில் திரும்பும்போது ஆரம்பித்தான்.

"பாப்பா, அம்மா கடைசியா ஒன்னு சொல்லுச்சு."

"இன்னுமா?"

"கடைசியா சொன்னதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு."

பின்சீட்டில் செந்தமிழ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சரி. மீட்டிங்ல பேசல. ஊர்லேர்ந்து வர்ற ஆயாகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா உப்பு எடுப்பேன்."

"அம்மா வேணாம்னு சொல்லுச்சுல்ல?"

"அம்மா கடைசியா சொன்னப்ப நான்தானே இருந்தேன்? நீ மாத்திர வாங்கப் போயிட்ட."

சைக்கிள் நின்றது.

"என்னா சொல்லுச்சு?"

"'அப்பாவுக்குச் சோத்துல உப்பு போடத் தெரியாது. நீயே போட்டுக்கோ. அப்பா கேட்டா, நல்லாருக்குதுன்னு சொல்லிடு.'"