கௌசல்யாவுக்கு நான் கொடுத்த கஷாயம்

நகரி,
விகாரி வருஷம், மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி தம்பி சம்பத்துக்கு, அக்காள் தாட்சாயணி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் மாமாவும், நம் பெண் செல்வியும், ஆறு தறிகளும், அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களும், போன மாதம் ஈன்ற பசுவும் சௌக்கியம். அவ்விடம் உன் சௌக்கியத்தையும், நீ வேலை பார்க்கும் புத்தகக் கடையின் சௌக்கியத்தையும் விசாரித்து நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு சரியில்லை. செல்விக்கு நீ பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். போன பார்சலில் வந்த புத்தகங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாயே, முதலில் அதை முடித்துவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் எழுதாதவள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

முதலில் துப்பறியும் நாவல், 'மாடிப்படியில் மர்ம விரல்'. உனக்குத்தான் தெரியுமே, மத்தியானச் சாப்பாடு ஆனதும் நான் தறிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன், நெசவாளிகள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே கேட்பார்கள். இந்தத் துப்பறிகிறவர் கெட்டிக்காரர்தான். சிகரெட் சாம்பலைப் பார்த்தே பிடித்தவன் எந்த ஊர்க்காரன் என்று சொல்லிவிடுகிறார். ஆனால் இத்தனை பெரிய புத்தகத்தில் அவர் ஒரு வேளைகூடச் சோறு சாப்பிடவில்லை. காபி குடிக்கிறார், காரில் ஏறுகிறார், இறங்கி மறுபடியும் காபி குடிக்கிறார். வீட்டில் கேட்பாரில்லை போலிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கும்போது இரண்டு இடத்தில் அவரை உட்காரவைத்து, ரசம் ஊற்றிச் சோறு போட்டுவிட்டுத்தான் கொலைகாரனைத் துரத்த அனுப்பினேன். தறிக்கூடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

காஷ்மீர் யாத்திரைப் புத்தகம் எனக்குத் திருப்தியில்லை. எழுதியவர் பனியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார். நம் பச்சையப்பன் என் மாமனார் காலத்திலிருந்து இங்கே நெய்கிறவர் அல்லவா, அவர் நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி ஒரு கேள்வி கேட்டார்: "அவ்ளோ குளுருல அந்த ஊர் ஜனம் இன்னாம்மா கட்டிக்கினு கீறாங்க? யாரு நெய்யறது?" புத்தகத்தைக் கடைசி அட்டை வரைக்கும் தேடிவிட்டேன், பதில் இல்லை. போன இடத்தில் இதைக்கூட விசாரிக்காதவர் எதற்காக டிக்கெட் வாங்கினார் என்று தெரியவில்லை.

பூகோளப் புத்தகத்தில் ராஜ்யங்களின் படம் கலர் கலராக இருக்கிறது. சென்னை ராஜ்யத்துப் படத்தில் நாம் மேல் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருக்கிறோம். ஆந்திரப் படத்தைத் திருப்பினால், நகரி இருக்க வேண்டிய இடத்தில் அச்சுக்காரர் தன் விலாசத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். தெலுங்குக்காரக் கங்கையா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மனம் எக்கட உன்னாமம்மா?" என்று கேட்டான். நாம் எங்கே இருக்கிறோம் என்று அவன் கேட்டதற்கு நான் இரண்டு படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் மாமாதான், "தறியில கீற, நெய்யி" என்றார்.

வைத்தியப் புத்தகம்தான் இருப்பதிலேயே உத்தமம். எழுதியவர் ஒரு வீண் வார்த்தை பேசவில்லை. உன் மாமாவின் இருமலுக்கு அதிலிருந்து இரண்டு மருந்து செய்து கொடுத்தேன். இருமல் நிற்கவில்லை, ஆனால் இப்போதெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போய் இருமிவிட்டு வருகிறார்.

இனி கௌசல்யா நாவல். அதை எழுதியவர் கையில் நல்ல தமிழ் இருக்கிறது, நெஞ்சில் ஈரம் இல்லை. தாயில்லாத வீடு மாதிரி ஒரு வீட்டில், எங்கோ தூரதேசத்தில், அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஜுரம் வருகிறது. மாமியார் அறையைப் பூட்டிவைக்கிறாள். அம்மா, அம்மா என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் போய்விடுகிறாள், அம்மாக்காரி மறுநாள் வந்து சேருகிறாள். உலை கொதிக்கும்போது நான் முன்கூட்டியே படித்துப் பார்த்த பக்கம் இது. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. இதை எப்படி உரக்கப் படிப்பது? பச்சையப்பன் பெண்டாட்டியைப் பறிகொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் காதில் இதைப் போடுவதா? தறி நின்றுபோகாதா?

ஆகவே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொன்னேன். அம்மாக்காரியை ஒரு நாள் முன்னதாகவே ரயில் ஏற்றிவிட்டேன். பூட்டிய அறையைத் திறக்க ஆள் வேண்டுமே, துப்பறிகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். வயிறாரச் சாப்பிட்டிருந்தபடியால் அவரும் உடனே வந்தார். வைத்தியப் புத்தகத்தில் உள்ளபடி நிலவேம்பும் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் காய்ச்சி வேளா வேளைக்குக் கொடுத்ததில், கௌசல்யாவுக்கு வேர்த்து ஜுரம் இறங்கியது. புத்தூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்து அவளை உட்காரவைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீ அனுப்பிய திருத்தணி வாத்தியார் ஆதிநாராயணன் தன் அம்மாவுடன் பெண் பார்க்க வந்தார். கேசரி சாப்பிட்டார். பெண்ணைப் பார்த்தார். தறியைப் பார்க்க வேண்டும் என்று தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே தறிக்கூடத்துக்கு வந்தார். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். வாசற்படியில் கிடந்த புத்தகம் அவர் கண்ணில் பட்டது.

"இந்த புக்கா? நானும் படிச்சேங்க. கடைசில அந்தக் கௌசல்யா செத்துப்போவுதே, அப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சி" என்றார்.

ஆறு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. பச்சையப்பன் குழியிலிருந்து எழுந்துவிட்டார். "யாரு செத்தா? எந்தக் கௌசல்யா? அவ நல்லாக் கீறா! புத்தூர்ல ஊடு கட்டிக்கினு ரெண்டு புள்ளையோட நல்லாக் கீறா!"

"இல்லீங்க பெரியவரே, கடைசிப் பக்கத்துல..."

"பக்கமாவது ஒண்ணாவது! கேசரி துன்னமா, போனமான்னு இரு தம்பி!"

கங்கையா தன் பங்குக்கு, "பெள்ளி சூப்புலகு ஒச்சி சாவு மாட்டலா?" என்று கை நீட்டிக் கேட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் சாவுப் பேச்சா என்று அவன் கேட்டது அந்த அம்மாவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. காபியை வைத்துவிட்டு எழுந்தவள் அடுத்த ரயிலுக்கே மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் செல்வியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

நீயே சொல். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு நம் பெண்ணைக் கொடுப்பதா? நாளைக்குச் செல்விக்கு ஜுரம் வந்தால் இவன் கஷாயம் வைப்பானா, கண் கலங்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவானா? அதுவும் தவிர, வருகிற ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது, நாம் ஆந்திராவிலேயே நிற்கிறோம். வேறு ராஜ்யத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு, ஒரு ஆபத்து என்றால் யாரைக் கேட்டுக்கொண்டு போய் நிற்பது? நம் தங்கை ரத்தினம்மாவைத் தர்மாவரத்தில் கொடுத்தோமே. ஜுரம் என்று தந்தி வந்து, நீயும் நானும் பாகாலா ஜங்ஷனில் வண்டி மாறக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே. போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். பேனா எழுதிவிட்டது.

ஆகவே வேண்டாம் என்று அவர்களுக்கு நயமாகச் சொல்லிவிடு. இனி நாவல் எதுவும் அனுப்பாதே. வைத்தியப் புத்தகம் இருந்தால் மட்டும் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, துப்பறிகிறவரைப் போல காபியிலேயே காலம் தள்ளாதே. திருச்சானூர்த் தாயார் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே கோரும் அக்காள்
தாட்சாயணி

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை, தபாலில் சேர்க்கும் முன் எழுதுவது. பச்சையப்பன் தறியில் உட்காராமல் என்னிடம் வந்து நின்றார்.

"வாத்தியாரு புள்ளைய வேணாம்னு எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன். நீங்கதானே அந்தக் கத்து கத்தினீங்க?"

"கத்தாம? உன் எதிர்லியே சொல்லிட்டானே! அந்தப் பொண்ணு செத்துப்போறது எங்க எல்லாருக்கும் தெரியும்மா. அன்னிக்குக் காலைல நூலத் தாருல சுத்திக்கினே செல்வி முழுசாப் படிச்சிக் காட்டிடுச்சி. மத்தியானம் அந்த எடம் வந்ததும் நீ பொஸ்தகத்த மூடிக்கினு, மொகத்த அப்பால திருப்பிக்கினு சொன்னியே. ரத்தினம்மா நெனப்புன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ சொன்னதே இருக்கட்டும்னு வுட்டுட்டோம். நம்ம ஊட்டுப் பொண்ணு ஒருத்தியாவது பொழைக்கட்டுமே."

அவர்களுக்காக நான் கதையை மாற்றினேன் என்று இருந்தேன், தம்பி. எனக்காக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

செல்வியும் வந்து, "அம்மா, முகந்தெரியாத பொண்ணுக்காக அழுதேன்னு நாலு பேர் எதிர்ல சொன்ன மனுசன்மா அவரு. எனக்கு அவரே போதும்" என்றாள். ராஜ்யம் எங்கே போனாலும் திருத்தணி ஸ்டேஷன் இருந்த இடத்திலேயேதான் இருக்கும் என்கிறார் உன் மாமா. ரயிலில் ஏறிப் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊர்தானே அது. ஆகவே மேலே மாப்பிள்ளையைப் பற்றி எழுதியதையெல்லாம் படிக்காமல் விட்டுவிடு. நீயே நேரில் போய் அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது பங்குனியில் ஒரு முகூர்த்தம் பார். நாவலும் அனுப்பு.

இது சனிக்கிழமை மாலை எழுதுவது: தபால்காரர் காலையிலேயே வந்து போய்விட்டதால் இந்தக் கடிதம் என்னிடமே இருந்தது. மத்தியானம் அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே படித்தேன். ஒரு தறியும் நிற்கவில்லை. என் குரல்தான் நின்றுபோயிற்று. மீதியைச் செல்வி படித்தாள்.