முழுசா ஒடிக்காதீங்க

மனைவி ஊரில் இல்லாத இரண்டு நாளில் ஒரு மனுஷன் எவ்வளவோ நல்ல காரியம் செய்யலாம். தூங்கலாம். நம் பூகோள வாத்தியார் போய்க் காருக்குப் பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாம் எதிர்வீட்டுப் பல் டாக்டரால் வந்த வினை. அவருடைய கார் உயரம். சிக்னலில் மேலேயிருந்து எட்டிப் பார்த்து அவர் சிரிக்கும்போதெல்லாம், வாத்தியாருக்குத் தான் தரையில் தவழ்வதுபோல் இருக்கும். இனிமேல் அந்தக் கதை நடக்காது.

ஒரே ஒரு சிக்கல். கார் மனைவியுடையது. அதில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

டயர்க்கடைக்காரர் வேறு கிளம்பும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"சார், ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்காதீங்க. டயர் மட்கார்டுல உரசும். உரசிக்கிட்டே இருந்தா ஒருநாள் டமால்!"

வாத்தியாருக்குப் பகீரென்றது. வெடிப்பது டயரா, மனைவியா என்பதுதான் கேள்வி. ராத்திரி முழுக்க மேப்பை விரித்து வைத்து, ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பெரிய வளைவே இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். படித்த பூகோளம் வாழ்க்கையில் முதல்முறையாக உதவியது.

மனைவி வந்து ஏறினாள்.

"என்னங்க, ஏறவே கஷ்டமா இருக்கு? வண்டி வளர்ந்துடுச்சா?"

"நீ இளைச்சுட்டே. அதான் அப்படித் தெரியுது."

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவர் அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

"ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

"மீட்டரைப் பாரு, நாப்பதுதான்!"

சொன்ன பிறகுதான், பெரிய சக்கரம் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. காலைப் பிரேக்கில் வைத்தார்.

"பேக்கரி சந்துல திரும்புங்க. ரொட்டி வாங்கணும்."

பேக்கரி சந்து அவர் மேப்பிலேயே இல்லை. கொண்டை ஊசி மாதிரி வளைகிற சந்து அது. வேறு வழியில்லாமல் ஒடித்தார். கர்ர்ர்ர்!

"என்னங்க சத்தம்?"

"உங்கம்மா!" என்று கத்தினார் வாத்தியார். "உங்கம்மாவை ஒரு மாசம் நம்ம வீட்டுல வந்து இருக்கச் சொல்லேன்!"

மனைவியின் முகம் மலர்ந்தது. சத்தத்தை மறந்தே போனாள். தப்பித்தோம் என்று அவர் மூச்சு விடுவதற்குள், "தையற்கடைப் பக்கம் ஒடிங்க" என்றாள். கர்ர்ர்ர்!

"ஞாயித்துக்கிழமை சமையல் இனிமே நான்தான்!"

"அப்படியா? அந்த மருந்துக்கடைப் பக்கம்..."

கர்ர்ர்ர்!

"மாடி ரூம்ல இருக்கற என் பழைய மேப்பையெல்லாம் எடைக்குப் போட்டுடறேன்! அந்த ரூமை நீயே எடுத்துக்கோ!"

இருபது வருஷமாக அவர் விட்டுக்கொடுக்காத அறை அது. உயிருக்கு முன்னால் அறை எம்மாத்திரம்?

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அழாத குறையாகச் சொன்னார்.

"இறங்கும்மா. சீக்கிரம். டயர் எப்ப வேணும்னாலும் வெடிக்கும். நான்தான் பெரிய சக்கரம் மாட்டிட்டேன்."

"தெரியுமே. வண்டி என் பேர்ல இருக்கு. என்னைக் கேக்காம கடைக்காரர் மாட்டுவாரா? அப்பவே போன் பண்ணிட்டார்."

"தெரிஞ்சுமா உக்காந்திருந்தே? டமால்னு வெடிச்சா?"

"மெதுவாப் போனா உள்ள இருக்கற பிளாஸ்டிக்தான் உரசுமாம். வெடிக்கும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதே நான்தான். நாளைக்குக் காலைல பழைய சக்கரத்தை மாட்டிடுவார்."

வாத்தியாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. கதவைத் திறக்கப் போனார். மனைவி இறங்கவில்லை. சாவகாசமாக மறுபடியும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"காலைல வரைக்கும் பெரிய சக்கரம்தானே? ஒவ்வொரு கர்ருக்கும் ஒண்ணு குடுத்தீங்க, எனக்கு இன்னும் ஒண்ணு கேக்க பாக்கி இருக்குங்க. லெஃப்ட்ல ஒடிங்க, முழுசா!"