பாய்க்கு டார்ட் பிடித்த டெய்லர்

அந்தமானில் படகு ஓட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். காற்றுக்கு அளவெடுத்துத் துணி வெட்டியவர் எங்கள் லம்பா லைன் ஏரியா டெய்லர் ஒருவர்தான். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. கடை போர்டிலும் எழுதியிருந்தது. ஆனாலும் ஏரியாவுக்கே அவர் வெறும் டெய்லர்தான். தெற்கே நிக்கோபார் பக்கம், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். ஒரே தங்கை முத்தம்மா இன்னும் கச்சாலில்தான் இருக்கிறாள்.

முத்தம்மாவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு டெய்லரால் போக முடியவில்லை. கப்பல் டிக்கெட் வரிசையில் இவர் முறை வந்தபோது டிக்கெட் தீர்ந்துவிட்டது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்று மாலை போட்டார். அந்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. டெய்லர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சட்டையைப் பாருங்க சார், தோள்ல சுருக்கம். இந்தச் சட்டையில தாய்மாமனா நிக்கிறான்" என்றார். அன்று முழுக்க அவர் மெஷினைத் தொடவில்லை.

சின்ன மகளுக்கு மாசியில் கல்யாணம் என்று போன் வந்ததும் ஆள் முடிவெடுத்துவிட்டார்.

"இந்த வாட்டி லைன்ல நிக்கமாட்டேன் சார். சொந்தப் படகு, சொந்தப் பாய். காத்து வடக்கேருந்துதான் அடிக்குது. தெக்க போறவனுக்கு என்னா கஷ்டம்?"

"நடுவுல டென் டிகிரி சேனல்னு ஒரு கடல் இருக்கு டெய்லர். பெரிய கப்பல்லயே பாதிப் பேர் வாந்தி எடுப்பான்."

"அதுக்கும் நாலு பை தைச்சு வச்சுக்குவோம்."

அன்றிலிருந்து கடையில் ரவிக்கை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பயணத் திட்டம் வளர்ந்தது. டீசல் கிடையாது, காற்று இனாம். பாய்க்குப் பழைய கல்யாணப் பந்தல் துணி. சாப்பாட்டுக்கு அவல், கருவாடு, தேங்காய். ஜங்கிலிகாட்டு மீன்பிடித் துறையில் ஒருவர் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஒரு டுங்கியைச் சும்மா போட்டிருந்தார். டுங்கி என்றால் எங்கள் ஊர் மரப்படகு. அதைப் பேசி வாங்கியாயிற்று. மாலுமிகள் பட்டியலில் ஒரே ஒரு பெயர், என் பெயர்.

"எனக்கு நீச்சலே தெரியாதுய்யா."

"நாம நீந்தியா போறோம்? நீங்க கவர்மென்ட் ஆளு சார். எவனாச்சும் நிறுத்தினா ஹிந்தியில பேசி அனுப்பிருவீங்க."

படகுகளுக்கு அனுமதி தரும் அதிகாரி ஒரு வங்காளி. விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, இன்ஜின் இல்லாமல் தெற்கு முனையில் இருக்கும் சிடியாடாப்பு வரை போய்த் திரும்பி வந்து காட்டு, அதற்கப்புறம் பேசலாம் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

போனோம். பின்காற்றில் படகு பறந்தது. டெய்லர் கரையில் நின்றவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டே வந்தார். திரும்பும்போதுதான் வினை. எதிர்க்காற்றில் பாய் படபடவென்று அடித்ததே தவிர, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போயிற்று. கடைசியில் ஒரு மீன்காரர் எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பாய் தைத்தாயா, பெட்ஷீட் தைத்தாயா என்று துறை முழுக்கச் சிரிப்பு. டெய்லரின் மானம் கப்பலேறியது.

நாலாம் நாள் காலையில் கழுத்தில் டேப்போடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"டார்ட் பிடிக்கலை சார்."

"யாருக்கு?"

"பாய்க்கு. இப்பதான் கல்யாணப் பொண்ணு பிளவுஸை வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒடம்பு தட்டையா இல்லைன்னுதானே பிளவுசுத் துணியை அங்கங்க மடிச்சுத் தைச்சு டார்ட் பிடிக்கிறோம்? காத்து மட்டும் தட்டையா?"

பாய் என்றால் கொஞ்சம் தொப்பை வேண்டும், அப்போதுதான் காற்று அதில் உட்கார்ந்து இழுக்கும். பாய் தைப்பவர்களுக்கெல்லாம் இது தெரியுமாம். எங்கள் டெய்லருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மனுஷன் ரவிக்கையிலிருந்து கண்டுபிடித்தார். பாயைப் பிரித்து நாலு டார்ட் பிடித்தார். கடையின் வெட்டுப் பலகையைக் கழற்றி, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க விலாவில் கட்டினார்.

மறுபடி போனோம். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து, சாயங்காலத்துக்குள் யார் தயவும் இல்லாமல் ஜங்கிலிகாட்டுக்கே திரும்பினோம். முன்பு இழுத்து வந்த அதே மீன்காரர் கைதட்டினார். எனக்கு நெஞ்சு விம்மியது. இத்தனைக்கும் நான் செய்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்ததுதான்.

அதிகாரி துறைக்கே வந்து தையலைத் தடவிப் பார்த்தார். "பஹுத் படியா" என்று பாராட்டினார். அதே மூச்சில், திறந்த படகில் அந்தச் சேனலைத் தாண்ட உயிரே போனாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். டெய்லர் முகம் செத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. கச்சால் டிக்கெட்டும் முடிந்துவிட்டிருந்தது.

அதிகாரிக்கும் மனசு கேட்கவில்லை. கமோர்ட்டா தீவுக்கு ஒரு சரக்குப் படகு போகிறது, உன் டுங்கியைச் சரக்காக ஏற்று, சரக்குக்குக் காவலாக இரண்டு பேர் போகலாம், அங்கிருந்து கச்சால் கிட்டத்தான், பாய் விரித்தே போய்விடலாம் என்றார்.

டெய்லர் குதித்தார். "படகு என்னைத் தூக்கிட்டுப் போகணுமா, நான் படகைத் தூக்கிட்டுப் போகணுமா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "யோவ், கேப்டனா போகணுமா, தாய்மாமனா போகணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டுமாத்தான் போகணும்" என்றார் டெய்லர். போய் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கமோர்ட்டாவில் டுங்கியை இறக்கினோம். டெய்லர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சுக்கான் பிடித்தார். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. நாலு டார்ட்டும் நிறைந்த காற்றோடு படகு கச்சாலைப் பார்த்துப் போயிற்று. கச்சால் படகுத்துறையில் தோட்டமே நின்றது. அங்கே பாய்மரத்தில் வந்து இறங்கிய தாய்மாமனை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

முத்தம்மா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாண்ணே, வந்துட்டியா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், உப்பும் கருவாட்டு வாசனையுமாக நின்ற என்னைக் கவனித்தாள்.

"நீங்க யாருங்கண்ணே?"

இருபத்தெட்டு வருஷ சர்வீசில் என் பதவியைச் சொல்லாமல் நான் யாரிடமும் அறிமுகம் செய்துகொண்டதில்லை.

"உங்கண்ணன் படகுல வேலை பாக்கிறேம்மா" என்றேன்.