மீசைக்காரருடன் மியூசியம் போன பெண்

புருஷனும் பெண்சாதியும் உண்மையிலேயே புருஷனும் பெண்சாதியுந்தானா என்று கண்டுபிடிப்பதற்காக கனடா அரசாங்கம் ரொறன்ரோவில் ஒரு கந்தோர் வைத்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், அந்த நகரின் வோபர்ன் பகுதியில் இருந்த அருள்நாயகமும் எமில்டாவும் அங்கே அழைக்கப்பட்டார்கள். அருள்நாயகத்துக்கு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. எமில்டாவுக்குக் கிடைக்கவில்லை. கலியாணம் மெய்யென்று கந்தோர் நம்பினால் அவள் இருக்கலாம். நம்பாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். போய் இறங்கவேண்டிய ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

அதிகாரி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்: "நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கே சுற்றுலா போயிருக்கிறீர்கள்?"

அருள்நாயகத்துக்கு இரவு வேலை, எமில்டாவுக்குப் பகல் வேலை. இருவரும் சேர்ந்து போன ஒரே இடம் உடுப்புத் தோய்க்கிற லோண்ட்ரிதான். அதைச் சொன்னான்.

"அன்புள்ள தம்பதியர் சுற்றுலா போவார்கள்" என்று அம்மையார் அருள்வாக்காகச் சொல்லி, அடுத்த தவணைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

ஊர்ச்சனத்துக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிற சீமோன் அண்ணையிடம் இருவரும் ஓடினார்கள்.

"உது சின்ன விசயம்," என்றார் சீமோன் அண்ணை. "வெள்ளைக்காரருக்கு அன்பு எண்டால் என்ன தெரியுமோ? ரெண்டு பேர் ஒரே சாமானைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. பிளவுங்கோ, நான் படம் எடுக்கிறன்."

பிளந்தார்கள். மியூசியத்தில் டைனோசர் எலும்புக்கு முன்னால் எமில்டா கூறைச்சேலையில் நின்றாள். அருள்நாயகம் கோட்டும் கறுத்த மீசையுமாக நின்றான். சப்பாத்துக்கென்றே ஒரு மியூசியம் இருந்தது. அங்கே எப்போதோ செத்துப்போன சீமாட்டிகளின் சப்பாத்துகளைப் பக்தியோடு தரிசித்தார்கள்.

"அருள், அவவின்ரை தோளிலை கையைப் போடும்!"

"சனம் நிக்குது அண்ணை."

"சனம் பாக்கத்தானே போடச் சொல்லுறன்!"

போட்டான். "கை தோளிலை முட்டவேயில்லை," என்றாள் எமில்டா. "கள்ளப் புருஷன் மாதிரிக் கிடக்கு. வடிவாப் பிடியுங்கோ."

பிலிம் மிச்சமிருந்ததால் சீமோன் அண்ணை காரை மேற்கே விட்டார். கிச்சினர் நகருக்கு அப்பால், பழைய கிறிஸ்தவ முறைப்படியே வாழ்கிற ஆமிஷ் சனங்களின் நாட்டுப்புறம். அங்கே காரில்லை, குதிரை வண்டி. மின்சாரமில்லை, விளக்கு. உல்லாசப் பயணிகள் அதைப் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் இல்லாததைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றாள் எமில்டா. "அதுக்கு யாழ்ப்பாணத்திலையே நிண்டிருக்கலாமே."

வேலியோரம் ஒரு கிழவரும் அவருடைய மனைவியும் நின்றார்கள். சீமோன் அண்ணை கமராவைத் தூக்க, கிழவர் தொப்பியால் முகத்தை மறைத்தார். "நாங்கள் படத்துக்கு நிற்பதில்லை. அது எங்கள் சமயம்."

அருள்நாயகத்துக்கு மெய்யாகவே கவலை பிடித்துக்கொண்டது. "அப்ப நீங்கள் கலியாணம் கட்டினதெண்டு ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கிழவர் தாடியைத் தடவினார். கலியாணம் கட்டாதவன் முகம் வழிப்பான், கட்டினவன் தாடி வளர்ப்பான், மீசையை மட்டும் வழித்துவிடுவான், அவ்வளவுதான் என்றார்.

திரும்பி வரும்போது சீமோன் அண்ணை காரை றோட்டோரம் நிற்பாட்டினார். "கலியாணத்துக்கு வெள்ளைக்காரன்ரை அத்தாட்சியே கிடைச்சிட்டுது. வெள்ளைக்காரி நம்பாமல் விடுவாளோ? அருள், தாடியை வளர விடும். மீசையை எடும்."

"மீசையையோ?"

"மீசை போறதோ, எமில்டா போறதோ?"

மீசை போனது.

ஒரு வருஷம் கழித்துத் தவணை வந்தது. அம்மையார் படங்களைப் பார்த்து உருகினார். பிறகு நிமிர்ந்து, நெஞ்சுவரை தாடியும் வெறும் மேலுதடுமாக எதிரே இருந்த மனிதரைப் பார்த்தார்.

"இந்த மீசைக்காரர் யார்?"

"நான்தான்," என்று அருள்நாயகம் மீசையோடு படம் ஒட்டியிருந்த கார் லைசென்சை நீட்டினான்.

"அவருடைய லைசென்ஸ் உங்களிடம் எப்படி வந்தது?"

"இவர்தான் அவர்!" என்று எமில்டா அழுதாள். அம்மையார் அருள்நாயகத்தை வெளியே அனுப்பிவிட்டு அவளுடைய கையைப் பிடித்தார். "பயப்படாதீர்கள். படங்களில் காணப்படும் மேற்படி மீசைக்காரருக்கும் உங்களுக்கும் இடையிலான உறவு மெய்யானது, அன்பு நிறைந்தது என இக்கந்தோர் கருதுகிறது. வெளியே இருக்கும் தாடிக்காரர்மீதுதான் பலத்த சந்தேகம். அடுத்த முறை மீசைக்காரரை அழைத்து வாருங்கள்."

அருள்நாயகம் தாடியை வழித்து, மீசையை வளர்த்துக்கொண்டு மீசைக்காரராக ஆஜரானான். எமில்டாவுக்கு அனுமதி கிடைத்தது. அம்மையார் அவன் கையைக் குலுக்கி, "நல்லவேளை நீங்கள் வந்தீர்கள். அந்த ஆளை எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை" என்றார்.

"எனக்கும்தான் மேடம்," என்றான் அருள்நாயகம்.

செய்தி அவனுக்கு முன்னமே வோபர்னுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்கார அன்புராசா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, குறை நினையாதையும். எமில்டா அந்தத் தாடிப் பொடியனை விட்டிருக்கக் கூடாது. தங்கமான மனுசன்."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான். "என்னப்பா, குழம்பு ஒரே உப்பு?"

எமில்டா சட்டியைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாள். "அவர் ஒருநாளும் என்ரை கறிக்குக் குறை சொன்னதில்லை."

"ஆர்?"

"தாடிக்காரர்."

அருள்நாயகம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.

"இனி அவனை இந்தப் பக்கம் கண்டால், காலை முறிப்பன்!"