கல்யாண வீட்டில் சாரங்கி

மெதுவான பாட்டு கேட்கிறவன் சாது, அவனால் யாருக்கும் தொந்தரவு வராது என்று நினைப்பவர்கள் எங்கள் தாம்பரம் கடைத்தெருவில் பழைய ஆட்கள் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பட்டாசு, போலீஸ், சம்பந்தி வீட்டார், எதைப் பார்த்தாலும் நடுக்கம். (சாமியிடமும் பயம்தான். ஆனால் அது நல்ல பயம்.) எட்டாவதோடு படிப்பை விட்டு, சானடோரியம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போனேன். அங்கே சத்தமாக எதுவும் வைக்கக் கூடாது. அதனால் நோயாளிகள் கேட்டதெல்லாம் சாந்தமான சங்கீதம். ஆங்கிலோ இந்தியரான ஒரு ரயில்வே கார்டு கிராமபோன் பெட்டியில் ஹவாய் கிட்டார் இசைத்தட்டு போடுவார். கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போகும், எங்கே போய் நிற்கும் என்றே தெரியாது. பல்லாவரம் தையற்கடை பாய்க்கு உருது கஜல். ஒரு டீச்சரம்மாவுக்கு வீணை. எனக்கு ராகமும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆனாலும் மாடம்பாக்கம் சிவன் கோவில் பிராகாரத்தில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் பயம் என்னை மறந்துவிடும்.

குணமாகிப் போகும்போது ஆளுக்கொரு தட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு சாரங்கித் தட்டுதான் என் உயிர். போட்டுக் கேட்க வீட்டில் பெட்டிதான் இல்லை.

அப்போதுதான் என் தங்கை காமாட்சிக்குக் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத வீடு, எல்லாம் என் தலையில். முன்பு வந்த ஒரு சம்பந்தம், பெண் பார்க்க வந்தபோது குத்துவிளக்கு அணைந்தது என்று சொல்லித் தட்டிப்போயிருந்தது. இந்தக் கோவிலம்பாக்கம் மாப்பிள்ளையின் அப்பாவோ, தும்மல் கேட்டால் வாசலைத் தாண்டாதவர். ஒரு சின்ன அபசகுனம் போதும், இதுவும் போய்விடும். பந்தக்கால் நட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் மைக் செட் துரை தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கடைத்தெருவைப் பார்த்துக் கட்டினான். சினிமாப் பாட்டு நாலு போட்டான். பிறகு, “சார், நாஷ்டா துன்னுட்டு வந்துடறேன். தட்டு முடிஞ்சா வேற மாத்திக்கினே இரு” என்று போய்விட்டான்.

பெட்டி இருக்கிறது. நான் இருக்கிறேன். என் தட்டுகள் துண்டில் சுற்றித் தயாராக இருக்கின்றன. வீணை போட்டேன். பயம் என்னை மறந்தது. அப்புறம் சாரங்கி. ஆகா! ஊரே கேட்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரில் என் மனைவி சரோஜா, முகமெல்லாம் வெளுத்துப்போய்.

“ஏங்க, யாரோ பெரிய தலைவர் போயிட்டாராம். கடையெல்லாம் மூடிட்டாங்க. மாலை வரலை. வாழையிலை வண்டி பாதியிலேயே திரும்பிடுச்சு. பஸ் மேல கல்லு விழும்னு பேசிக்கிறாங்க!”

“ஐயோ, யாரு?”

“அதான் யாருக்கும் தெரியலை.”

மாப்பிள்ளை வீட்டு வேன் மேடவாக்கம் வழியாக வந்துகொண்டிருக்குமே! சிவனே, கல்லுக்குத் தப்பி வந்து சேரட்டும் என்று வேண்டிக்கொண்டு, காலமான அந்தத் தலைவருக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று சாரங்கித் தட்டைத் திருப்பிப் போட்டுச் சத்தத்தையும் கூட்டினேன்.

துரை ஓடி வந்தான். “யோவ் சார்! இன்னா வேல பண்ணிக்கினு கீற நீ? ரேடியோல தலீவர் பூட்டாதான் இத்த வெப்பான்! டீக்கடையில அல்லாரும் எவன் வூட்டு ரேடியோன்னு கேட்டுக்கினு நிக்கிறானுங்கோ!”

அப்போதுதான் உறைத்தது. அந்த நாளில் பெரிய தலைவர் காலமானால், செய்தி முழுசாக வருமுன்பே ரேடியோவில் வீணையும் சாரங்கியும் வந்துவிடும். நான் யாரையோ சாகடித்திருக்கிறேன். யாரை என்றுதான் தெரியவில்லை.

மைக்கைப் பிடித்தேன். “பொதுமக்களே... யாரும்... சாகவில்லை...” பயத்தில் குரல் உடைந்து விம்மலாக வந்தது. அழுகிறான் பாவம் என்று அதுவரை திறந்திருந்த டீக்கடையும் மூடிவிட்டது.

சரோஜா மைக்கைப் பிடுங்கினாள். “கடையைத் திறங்கய்யா! ஒருத்தரும் சாகலை! இது எங்க வீட்டுக்காரர் ஆசையா போட்ட பாட்டு!”

துரை நாதஸ்வரத் தட்டைப் போட்டுவிட்டு சைக்கிளில் பறந்தான். மேடவாக்கத்தில் வேன் கோவிலம்பாக்கம் பக்கம் திரும்பி நின்றதாம். முகூர்த்தம் முடியப்போகும் நேரத்தில் அதை அழைத்து வந்துவிட்டான்.

சம்பந்தி இறங்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தோளில் இருக்க வேண்டிய துண்டு, துக்க வீட்டுக்குப் போவதுபோல் இடுப்பில் இருந்தது.

“யாருய்யா செத்தது?”

உள்ளே காமாட்சியின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

“யாரும் இல்லீங்க. நான்தான்... பாட்டு போட்டேன்” என்று கும்பிட்டேன்.

“எங்க தலைவர் நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்காருங்க.”

“சத்தியமா?”

“மாடம்பாக்கம் ஈஸ்வரன் மேல சத்தியமா.”

வழியெல்லாம் தன் தலைவரை நினைத்து அழுதுகொண்டே வந்த மனிதர், துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். “போன உசுரு திரும்பி வந்திருக்கு. இதைவிட நல்ல சகுனம் எங்கய்யா கிடைக்கும்? கொட்டச் சொல்லு மேளத்தை!”

தாலி ஏறியது. ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் மெதுவான பாட்டு ஏதாவது வைத்தால் போதும், காமாட்சி புருஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, “இன்னிக்கு யாரு மச்சான்?” என்பார்.

சில வருஷம் கழித்து நிஜமாகவே ஒரு பெரிய தலைவர் காலமானார். பொழுதுக்கும் ரேடியோவில் சாரங்கி. எனக்குத் துக்கம் தாளவில்லை. கூடவே, வாசிப்பும் மனதை உருக்கியது. இந்த நேரத்தில் இதை ரசிக்கிறேனே, மன்னித்துக்கொள் என்று சிவனிடம் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அடுப்படியிலிருந்து சரோஜா கத்தினாள். “போதும், நிறுத்துங்க! நான் புளி வாங்கிட்டு வர்ற வரைக்குமாவது கடை திறந்திருக்கட்டும்!”