சிவப்புக் கோடும் பிளம் பாட்டமும்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில், சாலைப் பொறியாளரின் அடிக்கோலைப் போல் பாரபட்சமற்றது வேறில்லை. அதற்கு மாமன் மச்சான் கிடையாது. வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. கறுப்பு வெள்ளை கிடையாது. ஊரின்மேல் வைத்துக் கோடு இழுத்தால் ஊர் இரண்டாகும்; அவ்வளவுதான். ஐம்பதுகளின் கடைசியில், மாநிலம் விட்டு மாநிலம் போக அமெரிக்கா முழுக்க அகலச் சாலைகள் போட்டபோது, கால்டன் நகரத்துக்கும் அப்படி ஓர் அடிக்கோல் வந்து சேர்ந்தது. அதைக் கையில் பிடித்திருந்தவர் திருவாளர் வெண்டல் ஆஸ்ட்ராண்டர்.

அந்நகரில் கறுப்பின மக்கள் வாழும் பிளம் பாட்டம் என்ற பேட்டையில் முடியலங்காரக் கடை வைத்திருந்தாள் வெர்டெல் கிம்ப்ரோ. கீழே கடை, மாடியில் வீடு. கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று கட்டிக் காத்தது. அவள் ஆஸ்ட்ராண்டரை முதன்முதலில் பார்த்தது, தேவாலயக் கூடத்தில் நடந்த 'கருத்துக் கேட்புக் கூட்ட'த்தில். கருத்துக் கேட்பு என்றால், அதிகாரிகளின் கருத்தை மக்கள் கேட்பது.

மேடையில் பெரிய வரைபடம். அதில் ஒரு சிவப்புக் கோடு வடக்கிலிருந்து கம்பீரமாக இறங்கியது. விஸ்பரிங் ஓக்ஸ் கோல்ஃப் மைதானத்தைக் கண்டதும் மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கியது. வாத்துக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மேயரின் மைத்துனர் நடத்தும் பௌலிங் விளையாட்டுக் கூடத்தருகே கிட்டத்தட்டக் கைகட்டி நின்றது. பிளம் பாட்டம் வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வெர்டெலின் கடை அந்தக் கோட்டுக்கு அடியில் எங்கோ இருந்தது.

வெர்டெல் எழுந்தாள். "ஏன் சார், அந்தக் கோடு அங்கெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு வருது. எங்க தெருவுக்கு வந்ததும் மட்டும் ஏன் இப்படி விறைச்சுக்குது?"

"நல்ல கேள்வி கேட்ட, வெர்டெல்" என்றார் ஆஸ்ட்ராண்டர். வெள்ளைக்காரப் பெண்களுக்கு 'மேடம்', பிளம் பாட்டத்துப் பெண்களுக்கு 'நீ' என்பது துறையின் வழக்கம். "நேர்கோடுதான் விஞ்ஞானம்."

"அப்போ மேல வளைஞ்சிருக்கிறது?"

"அது அழகியல்."

"கோல்ஃப் மைதானத்துக்குள்ள விட்டா என்னவாம்?"

ஆஸ்ட்ராண்டர் முகத்தில் துக்கம் கவிந்தது. "பதினெட்டுக் குழிம்மா. ஒரு குழியை நகர்த்தினா பாக்கி அத்தனையும் கெட்டுப்போயிடும். வீடு அப்படியில்ல. எங்க வேணும்னாலும் போய் வச்சுக்கலாம். அதானே வீட்டோட வசதி."

"பக்கத்துல பழைய ரயில் யார்டு காலியாத்தானே கிடக்கு? அதுல போடுங்களேன்."

"அந்த மண்ணு ரோட்டைத் தாங்காது."

"ரயிலைத் தாங்குச்சே?"

"அது வேற மாதிரி கனம்" என்றார் ஆஸ்ட்ராண்டர். யாரும் வீட்டை இழக்கவில்லை, 'இடம்பெயரும் வாய்ப்பைப்' பெறுகிறார்கள் என்றும் விளக்கினார். கூட்டம் ஒருமனதாக முடிந்தது. அந்த ஒரு மனது ஆஸ்ட்ராண்டருடையது.

மறுநாள் வெர்டெல், சூடான இரும்புச் சீப்பால் முடி நீவும்போது, ஹோசியா புரூயிட்டின் மனைவியின் காதைச் சுட்டுவிட்டாள். தொழிலுக்கு வந்தபின் அப்படி நடந்ததே இல்லை. சீப்பை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவர் அவளே பூசிய சுவர். பிறகு, மனைவியை அழைத்துப்போக வந்து உட்கார்ந்திருந்த ஹோசியா பக்கம் திரும்பினாள். அவர் விஸ்பரிங் ஓக்ஸில் கனவான்களின் மட்டைப் பையைத் தோளில் சுமக்கிறவர்.

"அண்ணே, கோல்ஃப் மைதானம்னா என்னென்ன வேணும்?"

"புல்லு வேணும் தங்கச்சி. குழி வேணும். மணல், தண்ணி, கொடி. அப்புறம் கோவம் வந்தா மட்டையை மரத்துல அடிக்கிற ஆளுங்க வேணும்."

"குழியா? நம்ம தெருவுல குழிக்கா பஞ்சம்? நகராட்சியை மூடச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

ஹோசியா தெருவை எட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "தண்ணியும் இருக்கே. சர்ச் வாசல்ல குழாய் உடைஞ்சு குளமா நிக்குது. விஸ்பரிங் ஓக்ஸ்ல இதுக்குன்னே ஆள் வச்சு வெட்டினாங்க."

"நமக்கு நகராட்சி சும்மாவே பண்ணிக் குடுத்திருக்கு பாருங்க."

அடுத்த சில நாட்களில் பிளம் பாட்டம் கண்ட 'நகர்ப்புற மறுமலர்ச்சி' எந்த அரசுத் திட்டமும் காணாதது. பின்கட்டு வேலிகள் விழுந்தன; வீடுகளுக்குப் பின்னால் ஒரே புல்வெளி. தெருவிலும் முற்றத்திலும் ஒவ்வொரு குழியிலும் தலையணை உறை கொடியாகப் பறந்தது. கனவான்கள் தொலைத்த பந்துகளை ஹோசியா ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார். மட்டைக்குக் குடைகளும் விளக்குமாறுகளும். ஒரு கோழி இரண்டு பந்துகளை அடைகாக்க ஆரம்பித்து, எழ மறுத்தது. அதை 'இயற்கைத் தடை' என்று அறிவித்தார்கள். கடை வாசலில் பலகை ஏறியது: 'பிளம் பாட்டம் கன்ட்ரி கிளப். உறுப்பினர்களுக்கு மட்டும்.'

சாலைக்கு இடம் குறிக்க முளைக்குச்சிகளோடு நில அளவையாளர்கள் வந்தார்கள். முதல் குச்சியை ஊன்றப் போனபோது ஹோசியா உதட்டில் விரல் வைத்தார். "ஷ். பாஸ்டர் அடிக்கப் போறாரு."

அளவையாளர்கள் தம்மையறியாமல் தொப்பியைக் கழற்றினார்கள். பாஸ்டர் குடையை ஓங்கினார். பந்து சர்ச் ஜன்னலுக்குள் போனது. "அருமையான அடி" என்றார் ஒரு அளவையாளர், மெல்லிய குரலில். குச்சிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தே வெளியேறினார்கள்.

சங்கதி ஆஸ்ட்ராண்டருக்குப் போனது. அவரே வந்து பலகையை இரண்டு தடவை படித்தார். இந்த மனிதன் விளக்குமாற்றைப் பார்த்ததும் விளையாட்டு முடிந்தது என்று நினைத்தாள் வெர்டெல். ஆனால் அவர் விளக்குமாற்றைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தார். அவர் பல வருடமாக விஸ்பரிங் ஓக்ஸ் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பித்துக் காத்திருப்பவர் என்று ஹோசியா காதோடு சொன்னார்.

"வெளியாள் ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்டார் ஆஸ்ட்ராண்டர்.

"வழக்கமில்ல. உங்களுக்காகப் பார்க்கலாம்" என்றாள் வெர்டெல்.

முதல் பந்து கோழியைத் தாண்டியது. இரண்டாவது, திருமதி சப்லெட் வாசலில் கொதித்துக்கொண்டிருந்த கீரைச் சட்டிக்குள் விழுந்தது.

"இதுக்கு என்ன விதி?" ஆஸ்ட்ராண்டர் வியர்த்துப்போயிருந்தார்.

"சட்டியில விழுந்தா ஒரு அடி அபராதம். ஒரு தட்டு சாப்பிட்டுட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகணும்" என்றார் ஹோசியா.

சாப்பிட்டார். கீரையும் பன்றிக்கறியும் சோளரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, சர்ச் வாசல் குளத்தில் முழங்கால்வரை இறங்கிப் பந்து தேடினார். கடைசிக் குழியில் பந்து விழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கார் முன்மூடிமேல் வரைபடத்தை விரித்தார். ரப்பரை எடுத்தார். பிளம் பாட்டத்தின் குறுக்கே போன கோட்டை அழித்துவிட்டு, ரயில் யார்டு வழியாக ஒரு வளைவு போட்டார். மண் அதற்குள் கெட்டிப்பட்டுவிட்டது போலும்.

"மேடம், உங்க கிளப்புல நான் உறுப்பினர் ஆக முடியுமா?" என்று கேட்டார்.

வெர்டெல் அந்த 'மேடம்' தன் காதில் நன்றாக விழட்டும் என்று சற்று நிதானித்தாள். "விண்ணப்பம் குடுங்க. பரிசீலனையில இருக்கும்."

ஆஸ்ட்ராண்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொல்லாமல் விட்டார்களே என்ற மனத்தாங்கல் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"முதல் கூட்டத்துலயே மைதானம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா இவ்வளவு சிரமம் இல்ல மேடம். இங்க வெறும் ஜனங்கதான் குடியிருக்காங்கன்னு நாங்க நினைச்சிட்டோம்."